1098-ல் வந்த அடி புகார்: முதல் கள விசாரணையை எங்கே தொடங்குவது?

புதுச்செருப்பு கேட்டது:

வணக்கம். மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகில் சமூகப்பணியாளர் வேலை, சேர்ந்து மூன்று வாரம். பயிற்சியில் சட்டப் பிரிவுகளை வரிசையாகச் சொல்லிக்கொடுத்தார்கள். களத்தில் எதை முன்னால் செய்வது, எதைப் பின்னால் தள்ளுவது என்பதுதான் பிடிபடவில்லை.

ஒரு மாதிரிப் புகார் தருகிறேன். இது எந்த ஊர்க் குழந்தையும் இல்லை, நானே கட்டியது. அரசுத் தொடக்கப் பள்ளி, 2-ம் வகுப்பு, 7 வயதுப் பெண் குழந்தை. தொடையின் பின்பக்கம் கோடு கோடாகத் தடிப்பு இருப்பதைப் பார்த்துவிட்டு ஆசிரியர் குழந்தைகள் உதவி எண் 1098-க்குச் சொல்கிறார். குழந்தை இருப்பது அப்பா, அப்பாயி, சித்தப்பாவோடு ஒரே வீட்டில். அம்மா பிரிந்துபோய்த் திருப்பூரில் பனியன் கம்பெனி வேலை. ஆசிரியர் கேட்டதற்குக் குழந்தை "கீழ விழுந்துட்டேன்" என்றிருக்கிறது.

முதலில் பள்ளிக்கா, வீட்டுக்கா? அப்பாவை அலுவலகத்துக்கு வரச்சொல்லி விசாரித்தால் போதாதா? குழந்தையிடம் எப்படிக் கேட்பது? குழந்தைகள் நலக் குழு (பாதுகாப்பு தேவைப்படும் குழந்தையைப் பற்றி உத்தரவிடும் குழு) நம் அறிக்கையில் எதைத் தேடுகிறது? எந்தக் கட்டத்தில் குழந்தையை வீட்டிலிருந்து எடுப்பது?

அலகுப் பழசு:

வரிசையை நான் சொல்கிறேன், குழந்தையிடம் பேசுவதை அதில் கைதேர்ந்தவர்கள் சொல்லட்டும்.

கிளம்பும் முன் ஒரு மணி நேரம் மேசையில் போகட்டும். 1098 சீட்டில் இரண்டு விதமான தகவல் கலந்து கிடக்கும்: கண்ணால் பார்த்தது ஒன்று, நினைத்துக்கொண்டது மற்றொன்று. "தொடையில் கோடு" பார்த்தது. "அப்பன் குடிகாரன், அவன்தான் அடிச்சிருப்பான்" நினைத்தது. இரண்டையும் பிரித்து எழுதிக்கொண்டு, தகவல் சொன்னவருக்கே திரும்பப் போன் போடுங்கள். எந்தத் தேதி, எத்தனை மணிக்குப் பார்த்தார்? குழந்தை சொன்ன வார்த்தை அப்படியே என்ன? இதற்கு முன் இப்படிப் பார்த்ததுண்டா? பிறகு பழைய பதிவேட்டில் இதே குடும்பத்தைப் பற்றி அழைப்பு வந்திருக்கிறதா பாருங்கள். 2023-ல்தான் 1098 தொண்டு நிறுவனங்கள் கையிலிருந்து அரசுக்கு மாறியது. அதற்கு முந்தைய விவரம் இப்போதைய கணினியில் வந்திருக்கும் என்று நம்பி உட்கார்ந்துவிடாதீர்கள்.

பள்ளிதான் முதலில். ஆனால் அதே நாளில் வீடு. நடுவில் ஒரு இரவு விழக் கூடாது. புதிதாக வருகிறவர்கள் அதிகம் சறுக்குவது இங்கேதான். இன்று பள்ளியில் குழந்தையிடம் பேசிவிட்டு "நாளைக்கு வீட்டுக்குப் போகலாம்" என்று திரும்புவார்கள். சாயங்காலமே "உங்க புள்ளைய ஆபீசருங்க வந்து விசாரிச்சாங்களே" என்று தெருவில் யாராவது சொல்லிவிடுவார்கள். அன்று ராத்திரி அந்தக் குழந்தைக்கு என்ன நடக்கும் என்று யோசியுங்கள். மறுநாள் நீங்கள் போகும்போது வீடே ஒரே குரலில் "சைக்கிள்லேர்ந்து விழுந்துச்சு" என்று சொல்லும், குழந்தையும் சேர்ந்து. காலை 10 மணிக்குப் பள்ளி, குழந்தை வீடு போய்ச் சேரும் முன் நீங்கள் அந்த வீட்டுத் திண்ணையில். இதுதான் கணக்கு. உடனடி ஆபத்து என்ற சொல் புகாரில் இல்லாத வரை வெள்ளிக்கிழமை மதியத்துக்கு மேல் தொடங்காதீர்கள். ஆபத்து என்றால் கிழமை பார்க்க முடியாது.

பள்ளியில் குழந்தையைப் பார்க்கும் முன் வருகைப் பதிவேட்டில் கடைசி மூன்று மாதத்தைப் புரட்டுங்கள். மொத்தம் எத்தனை நாள் வரவில்லை என்பதைவிட, எந்தெந்த நாள் வரவில்லை என்பது பேசும். திங்கள்கிழமைகளாகவே விடுப்பு விழுந்திருந்தால் ஞாயிற்றுக்கிழமை அந்த வீட்டில் என்ன நடக்கிறது என்று கேட்க வேண்டியிருக்கும். அடி மறையும் வரை நாலைந்து நாள் தொடர்ந்து வராமல் இருப்பதும் பதிவேட்டில் தெரியும். ஐந்து வயதுக்குட்பட்ட தம்பி தங்கை இருந்தால் அங்கன்வாடியின் எடைப் பதிவையும், கிராம சுகாதாரச் செவிலியரிடம் தடுப்பூசி விவரத்தையும் பாருங்கள். அங்கன்வாடிப் பணியாளரிடம் புகார் என்ன என்று விளக்க வேண்டியதில்லை. அவர் அந்த ஊர்க்காரர், ஒருவேளை அந்தக் குடும்பத்துக்கு ஒன்றுவிட்ட உறவாகவும் இருப்பார்.

இரண்டு பேராகப் போங்கள், ஒருவர் பெண்ணாக இருக்கட்டும். "அரசு" என்று எழுதிய ஜீப்பை வாசலில் கொண்டுபோய் நிறுத்தாதீர்கள். பத்து நிமிடத்தில் தெரு கூடிவிடும், அப்புறம் அப்பா பேசுவது உங்களிடம் அல்ல, கூட்டத்திடம்.

அலுவலகத்துக்கு வரச்சொல்வது சோம்பேறி வழி. வீடு உங்கள் கண்ணில் படாது. வருகிறவர் வார்டு கவுன்சிலரையோ சங்கத்துக்காரரையோ கூட்டிக்கொண்டு வருவார், பேச்சு சமரசத்தில் போய் நிற்கும். அதற்குள் இரண்டு நாள் குழந்தை அந்தக் கோபத்தோடு ஒரே வீட்டில்.

வீட்டில் முதலில் வரும் கேள்வி "யாரு போட்டுக் குடுத்தது?" பதிலை வழியிலேயே தயார் செய்துகொள்ளுங்கள்: "அதச் சொல்ல எனக்கு அனுமதி இல்லங்க. குழந்தையப் பத்திப் பேசத்தான் வந்திருக்கேன்." ஆசிரியர் இல்லை என்று பொய் சொல்லவும் வேண்டாம், ஆம் என்று தலையாட்டவும் வேண்டாம்.

அப்பா, அப்பாயி, சித்தப்பா மூவரிடமும் தனித்தனியாக. ஒருவர் பேசும்போது மற்றவர் காதில் விழக் கூடாது. கூட வந்தவர் ஒருவரைத் தண்ணீர் கேட்டு அடுப்படிப் பக்கம் அழைத்துப் போனால் போதும். காயம் எப்படி வந்தது என்று மூவரிடமும் அதே கேள்வி. அப்பா "சைக்கிள்", அப்பாயி "மாட்டுக் கொட்டாய்ல வழுக்கிடுச்சு", சித்தப்பா "எனக்குத் தெரியாது" என்றால் மூன்றையும் அவரவர் வார்த்தையில் எழுதுங்கள். முரண்பாட்டை அவர்கள் முன்னால் சுட்டிக்காட்டி மடக்க வேண்டாம். அது போலீஸ் வேலை. நீங்கள் மடக்கினால் அடுத்த முறை கதவு திறக்காது.

வீட்டைச் சுற்றிப் பார்க்க அனுமதி கேளுங்கள். குழந்தை எங்கே படுக்கிறது, பக்கத்தில் யார், தாழ்ப்பாள் உள்ளேயா வெளியேயா, பள்ளிப் பை எங்கே கிடக்கிறது, குளிக்கிற இடத்துக்குக் கதவு உண்டா. பெல்ட்டோ ஒயரோ ஆணியில் தொங்குவது தெரிந்தால் எங்கே, எப்படி இருந்தது என்று குறித்துக்கொள்ளுங்கள். கையில் எடுக்காதீர்கள்.

அன்றைக்கு நீங்கள் பதில் கண்டுபிடிக்க வேண்டிய கேள்வி ஒன்றே ஒன்று: இன்று இரவு இந்தக் குழந்தை இந்த வீட்டில் படுத்தால் பத்திரமா? யார் குற்றவாளி என்பது இல்லை.

மெதுவாக் கேள்:

ஆற்றுப்படுத்துநர் (கவுன்சலர்) பக்கத்திலிருந்து.

குழந்தையை எப்படி வரவழைக்கிறீர்கள் என்பதிலேயே பாதி போய்விடும். "2-ம் வகுப்பு இன்னார், எச்.எம். ரூமுக்கு வா" என்று மைக்கில் கூப்பிட்டால், தான் ஏதோ தப்புச் செய்துவிட்டோம் என்று நடுங்கிக்கொண்டே வரும். வகுப்பு ஆசிரியரே இடைவேளையில் சத்தமில்லாமல் அழைத்து வரட்டும். உட்காரும் இடம் வெளியிலிருந்து பார்த்தால் தெரிய வேண்டும், பேசுவது கேட்கக் கூடாது. எதிரெதிராக நாற்காலி போடாமல் பக்கவாட்டில், முடிந்தால் பாயில். எச்.எம். கூடவே உட்கார்ந்து "நல்லாச் சொல்லும்மா, பயப்படாத" என்று நடுநடுவே தூண்டிக்கொண்டிருந்தால் அந்தப் பேச்சு எதற்கும் உதவாது.

முதல் ஐந்து நிமிடம் காயத்தைப் பற்றிப் பேசவே வேண்டாம். ஆனால் வெறும் அரட்டையும் இல்லை. "நேத்து ஸ்கூல் விட்டதுலேர்ந்து தூங்குற வரைக்கும் என்னென்ன நடந்துச்சு, எல்லாத்தையும் சொல்லு" என்று விட்டுவிடுங்கள். குழந்தை தானாகவே தொடர்ச்சியாகப் பேசிப் பழகுவதற்கு இது. இடையில் நீங்கள் போட வேண்டிய சொற்கள் "அப்புறம்?" "ம்... சொல்லு" இரண்டுதான். அப்போதே ஒரு ஒப்பந்தமும் வையுங்கள்: "நான் கேக்குறது புரியலன்னா புரியலன்னு சொல்லு. தெரியலன்னா தெரியலன்னு சொல்லு. நான் தப்பாச் சொன்னா நீ திருத்தணும்." திருத்துகிறதா என்று சோதித்தும் பாருங்கள். "உனக்கு ஆறு வயசுதானே?" என்றால் "இல்ல, ஏழு" என்று சொல்ல வேண்டும். சொல்லவில்லை என்றால், பெரியவர்கள் சொல்வதற்கெல்லாம் தலையாட்டப் பழகிய குழந்தை. அதற்கேற்ப நீங்களும் அடக்கிக் கேட்க வேண்டியதுதான்.

பிறகு: "கால்ல கோடு மாதிரி இருக்குன்னு டீச்சர் பாத்தாங்களாம். அதப் பத்திச் சொல்லு." அதோடு நிறுத்துங்கள். "அப்பா அடிச்சாரா?" என்று ஆளின் பெயரை நாம் எடுத்துக் கொடுத்தால், பின்னால் நீதிமன்றத்தில் முதல் கேள்வியே "அப்பா பேரச் சொன்னது குழந்தையா, சமூகப்பணியாளரா?" என்றுதான் வரும். குழந்தை "பெல்ட்டு" என்றால் "பெல்ட்டுன்னு சொன்னியே, அதப் பத்தி இன்னும் சொல்லு". குழந்தை சொல்லாத சொல்லை நாம் போடக் கூடாது.

"ஏன்" கேள்வியே வேண்டாம். "ஏன் யார்கிட்டயும் சொல்லல?" என்பது குழந்தையின் காதுக்குக் குற்றச்சாட்டு. எத்தனை தடவை என்று எண்ணிக்கை கேட்டால் ஏழு வயதுக் குழந்தை ஏதோ ஒரு எண்ணைச் சொல்லிவைக்கும், அடுத்த முறை வேறு எண். "ஒரு தடவையா, அதுக்கு மேலயா" போதும். தேதிக்குப் பதில் "பொங்கல் லீவுக்கு முன்னாடியா, பின்னாடியா". "யார்கிட்டயும் சொல்ல மாட்டேன்" என்று வாக்குக் கொடுக்காதீர்கள், சாயங்காலத்துக்குள் அதை மீறப் போகிறீர்கள். "உன்னப் பத்திரமா வச்சுக்க யாருக்குச் சொல்லணுமோ அவங்களுக்கு மட்டும் சொல்லுவேன்" என்பதுதான் உண்மை.

குழந்தை "விழுந்துட்டேன்" என்றே நின்றால் அதையும் அப்படியே எழுதுங்கள். சாக்லேட் காட்டி மாற்ற வேண்டாம். காயத்தின் வடிவம் தனியாகப் பேசும்.

எழுதும்போது குழந்தையின் சொல்லை நல்ல தமிழாக்காதீர்கள். "அப்பாயி வாயப் பொத்துச்சு" என்பது "பாட்டி என் வாயை மூடினார்" என்று மாறினால் அது குழந்தையின் வாக்குமூலம் இல்லை, உங்களுடையது. நீங்கள் கேட்ட கேள்வியையும் பக்கத்திலேயே எழுத வேண்டும். இதைப் பலர் விட்டுவிடுகிறார்கள்.

இன்னொன்று. ஆசிரியர், 1098 பணியாளர், நீங்கள், போலீஸ், குழு, டாக்டர் என்று ஆறு பேர் ஒரே கதையைக் கேட்டால் ஒவ்வொரு முறையும் கொஞ்சம் கொஞ்சமாக மாறும். மாற்றத்தைக் காட்டித்தான் வழக்கை உடைப்பார்கள். ஒருவர் ஒருமுறை ஒழுங்காகக் கேட்டால் மற்றவர்கள் அந்தக் குறிப்பைப் படித்துக்கொள்ளலாம்.

ஏ.ஆர். காப்பி:

குழந்தை மருத்துவம். காயத்தைப் பற்றி மட்டும்.

நிறத்தை வைத்து "மூன்று நாள் பழைய கன்றல்" என்று எழுதாதீர்கள். நீலம், பச்சை, மஞ்சள் என்று வரிசையாக மாறும் என்பது பாடப் புத்தகக் கணக்கு. தோலின் நிறம், இடம், அடியின் ஆழம் பொறுத்து எல்லாம் மாறும். டாக்டர்களாலேயே உறுதியாகச் சொல்ல முடியாது. இடம், வடிவம், அளவு, எண்ணிக்கை மட்டும் எழுதுங்கள்: "வலது தொடையின் பின்புறம், முழங்காலுக்கு மேல் சுமார் 8 செ.மீ.-ல், ஒன்றுக்கொன்று இணையாக 3 கோடுகள்."

ஓடியாடும் குழந்தைக்கு முழங்கால், முழந்தாளுக்குக் கீழ் முன்பக்கம், நெற்றி, முழங்கை ஆகிய இடங்களில் அடிபடுவது சகஜம். எலும்பு துருத்தும் இடங்கள். தொடையின் பின்பக்கம், பிட்டம், முதுகு, வயிறு, காது, கழுத்து, கன்னத்தின் சதை ஆகிய இடங்களில் இருந்தால் நின்று யோசிக்க வேண்டும். 4 வயதுக்குட்பட்ட குழந்தையின் உடல், காது, கழுத்தில் கன்றல் இருந்தாலும், 4 மாதம்கூட ஆகாத கைக்குழந்தையின் உடம்பில் எங்கே கன்றல் இருந்தாலும் அன்றே மருத்துவமனை. நகரவே தெரியாத குழந்தை தானாக எங்கே போய் இடித்துக்கொள்ளும்?

ஒயரை மடித்து அடித்தால் 'ப' போல வளைந்த தடம் விழும். கம்பு, பிரம்பு என்றால் நடுவில் வெளுப்பும் இரண்டு ஓரத்தில் சிவப்புமாக இரட்டைக் கோடு. வெந்நீர் தவறிக் கொட்டினால் தெறித்தது போல் ஒழுங்கற்று, கீழே வழிய வழிய லேசாகும். காலைப் பிடித்து வெந்நீரில் முக்கியிருந்தால் சாக்ஸ் போட்டது போல ஒரே மட்டத்தில் கோடு.

தவறாகக் குற்றம் சாட்டுவதும் நடக்கும். நம் குழந்தைகளுக்கு இடுப்பிலும் பிட்டத்திலும் பிறவியிலேயே சாம்பல் நீலத் திட்டு இருக்கும். கன்றல் என்று எழுதிவிடுவார்கள். அது வலிக்காது, ஒரு வாரம் கழித்துப் பார்த்தாலும் அப்படியே இருக்கும். புண் பழுத்த சொறியைச் சிகரெட் சூடு என்று நினைப்பதும் உண்டு. வயிற்றில் சின்னச் சின்னச் சூட்டுத் தழும்பு இருந்தால் மாந்தம், வலிப்பு என்று யாரோ போட்ட சூடாகவும் இருக்கலாம். அது காயம் இல்லை என்று ஆகாது, ஆனால் அந்தத் தாயிடம் பேசுகிற பேச்சு வேறு.

ஜி.எச்.-ல் விபத்துப் பதிவேட்டில் பதியச் சொல்லி அதன் நகலைக் கேட்டு வாங்குங்கள். "கீழே விழுந்ததாகக் கூறப்படுகிறது" என்று மட்டும் எழுதி அனுப்பிவிடும் நிலை வரலாம். யார் அப்படிக் கூறியது என்பதையும் எழுதச் சொல்லுங்கள். உங்கள் சொந்த போனில் காயத்தைப் படம் பிடிக்க வேண்டாம். படம் மருத்துவமனையிலோ போலீசாரோ அளவுகோல் வைத்து எடுக்கட்டும்.

கவனிப்பின்மைப் புகாராக இருந்தால்: 6 மாதம் முதல் 59 மாதம் வரையுள்ள குழந்தையின் இடது மேல்கைச் சுற்றளவு 11.5 செ.மீ.க்குக் கீழே இருந்தால் கடும் ஊட்டச்சத்துக் குறைவு. அளக்கும் நாடா அங்கன்வாடியில் இருக்கும். ஒல்லி என்று எழுதுவதைவிட இந்த எண் குழுவிடம் பேசும்.

புதுச்செருப்பு:

அனைவருக்கும் நன்றி. இரண்டு சந்தேகம். ஒன்று, அப்பாயி கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே விடவில்லை என்றால்? எனக்கு நுழைய அதிகாரம் உண்டா? இரண்டு, பேசும்போது குழந்தை அடியைப் பற்றிச் சொல்லாமல், சித்தப்பாவைப் பற்றி வேறு எதையாவது சொல்ல ஆரம்பித்தால்?

குழு மேசை:

முதலாவது. உடைத்து நுழையும் அதிகாரம் சமூகப்பணியாளருக்கு இல்லை. அடையாள அட்டையைக் காட்டுங்கள், குழந்தையை வாசலில் வைத்தாவது பார்க்க வேண்டும் என்று சொல்லுங்கள். மறுத்தால் நேரத்தைக் குறித்துக்கொண்டு, அந்த எல்லைக் காவல் நிலையத்தின் குழந்தை நலக் காவல் அலுவலருக்கும் நலக் குழுவுக்கும் சொல்லுங்கள். குழு தானாகவே ஒரு வழக்கை எடுத்துக்கொள்ளலாம், போலீசுக்கு உத்தரவிடலாம். உள்ளே அலறல் கேட்கிறது என்றால் 112, அப்புறம்தான் மேலதிகாரி.

இரண்டாவதுதான் முக்கியம். பாலியல் சீண்டல் என்று ஒரு வாக்கியம் வந்த கணமே உங்கள் விசாரணை முடிந்தது. யார், எங்கே, கடைசியாக எப்போது, அந்த ஆள் இப்போது வீட்டில் இருக்கிறாரா. குழந்தை தானாகச் சொன்ன அளவில் இவை மட்டும். விவரம் தோண்டாதீர்கள். போக்சோ சட்டம், அதாவது குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து பாதுகாக்கும் சட்டம், அதன் 19-வது பிரிவின்படி தெரியவந்த எவரும் காவல்துறைக்குச் சொல்லியே ஆக வேண்டும். சொல்லாதவருக்கு 21-வது பிரிவில் 6 மாதம் வரை சிறை, நிறுவனத் தலைவர் என்றால் ஓராண்டு வரை. "குடும்ப மானம், புள்ளையோட எதிர்காலம்" என்று யார் கெஞ்சினாலும், உங்கள் அலுவலர் "ரெண்டு நாள் பொறுங்க" என்றாலும், பொறுப்பு உங்கள் தலையில்தான். எழுத்தில் கொடுத்துக் கையெழுத்தும் நேரமும் வாங்குங்கள்.

அந்த நிலையில் குழந்தையைக் குளிப்பாட்ட வேண்டாம். மாற்றிய உடையைக் காகித உறையில் வைக்கச் சொல்லுங்கள். பிளாஸ்டிக்கில் ஈரம் நின்று தடயம் கெடும். மருத்துவப் பரிசோதனைக்கு முதல் தகவல் அறிக்கை வரும்வரை காத்திருக்கத் தேவையில்லை என்று 27-வது பிரிவே சொல்கிறது. எச்.ஐ.வி. தடுப்பு மருந்து தேவைப்பட்டால் 72 மணி நேரத்துக்குள் தொடங்க வேண்டும். பெண் குழந்தையைப் பெண் மருத்துவர்தான் பார்க்க வேண்டும். வாக்குமூலத்தைச் சீருடையில்லாத அதிகாரி, குழந்தையின் வீட்டிலோ அது விரும்பும் இடத்திலோ பதிவு செய்ய வேண்டும், இயன்றவரை உதவி ஆய்வாளர் நிலைக்குக் குறையாத பெண் அதிகாரி. எந்தக் காரணத்துக்காகவும் குழந்தையை இரவில் காவல் நிலையத்தில் வைக்கக் கூடாது.

சித்தப்பா அதே வீட்டில் வசிப்பவர் என்பதால் 2020 போக்சோ விதிகளின் 4-வது விதி பாயும். போலீஸ் 24 மணி நேரத்துக்குள் குழந்தையைக் குழு முன் நிறுத்த வேண்டும். வீட்டிலிருந்து எடுக்க வேண்டுமா என்று குழு 3 நாளில் முடிவு செய்ய வேண்டும். அந்த 3 நாளில் வீட்டைப் பார்த்து அறிக்கை தரும் வேலை அநேகமாக உங்களிடம்தான் வரும். வழக்கு நடக்கும்போது குழந்தைக்கு உதவியாக இருக்கும் துணைநிற்கும் நபரையும் அப்போதே கேட்டு வாங்குங்கள். சாப்பாடு, உடை, பயணச் செலவுக்கு அதே விதிகளின் 8-வது விதியில் உடனடி உதவியைக் குழு பரிந்துரைக்கலாம். கேட்காமல் யாரும் தரமாட்டார்கள்.

இனி சாதாரண அடி வழக்கு. குழந்தையை எடுத்தால் பயண நேரம் நீங்கலாக 24 மணி நேரத்துக்குள் குழு முன். குழு அமராத நேரம் என்றால் ஒரு தனி உறுப்பினர் முன்னிலையில். குழு உத்தரவு இல்லாமல் நேராகக் குழந்தைகள் இல்லத்தில் கொண்டுபோய் விட்டுவிட்டு "திங்கக்கிழமை ஆர்டர் வாங்கிக்கலாம்" என்பது சட்டவிரோதம், எவ்வளவு நல்ல எண்ணமானாலும்.

சமூக விசாரணை அறிக்கை, அதாவது நாம் சொல்லும் எஸ்.ஐ.ஆர்., மத்திய மாதிரி விதிகளில் படிவம் 22. காலக்கெடு 15 நாள். குழு இறுதி உத்தரவு போட முதல் முறை நிறுத்தியதிலிருந்து 4 மாதம். 15-வது நாள் சாயங்காலம் உட்கார்ந்து எழுதிய அறிக்கை முதல் பக்கத்திலேயே தெரிந்துவிடும். பழைய கோப்பிலிருந்து நகலெடுத்து, பெண் குழந்தையின் அறிக்கையில் "அவன்" என்று வரும்.

குழு தேடுவது ஒன்றுதான்: இந்த வாக்கியம் எங்கிருந்து வந்தது? "தந்தை குடிகாரர், பொறுப்பற்றவர்" என்றால் படிப்பவருக்கு ஒன்றும் இல்லை. "மாலை 6.40-க்குச் சந்தித்தபோது பேச்சு குழறியது, மது நெடி இருந்தது. வாரத்தில் மூன்று நான்கு நாள் குடிப்பதாக அவரே கூறினார். அன்று இரவுச் சாப்பாட்டை அப்பாயிதான் கொடுத்தார்" என்றால் குழு அதன்மேல் முடிவெடுக்க முடியும். பெற்றோர், பள்ளி, அக்கம்பக்கம் என மூன்று பக்கத்திலிருந்தாவது தகவல் வேண்டும். அக்கம்பக்கத்தாரில் ஒருவராவது அந்தக் குடும்பத்தோடு சண்டையில்லாதவராக இருக்கட்டும். வேலித் தகராறு வைத்திருப்பவர் ஒரு மணி நேரம் சொல்வார், அத்தனையும் எழுதிக்கொண்டு வருவார்கள்.

காவல் புகாரில் காயத்தின் விவரம் விரிவாக இருக்கட்டும். இளைஞர் நீதிச் சட்டத்தின் 75-வது பிரிவை (பொறுப்பில் இருப்பவர் குழந்தையைக் கொடுமைப்படுத்துவது) மட்டும் எழுதிக் கொடுத்தால், 2021 திருத்தத்துக்குப் பிறகு நிலையத்தில் நேரடியாக வழக்குப் பதியலாமா என்ற வாக்குவாதமே ஒரு நாள் ஓடும். சூட்டுக்கோல், கொதிநீர் போன்றவற்றால் காயம் என்றால் புதிய தண்டனைச் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவின் 118(1)-ம் சேரும்.

வாசல் திண்ணை:

இவ்வளவு பேசுவானேன்? சந்தேகம் என்றால் குழந்தையை எடுத்து இல்லத்தில் சேர்த்துவிடுங்கள். விசாரணை பிறகு நடக்கட்டும். குழந்தைக்கு ஏதாவது ஆகிவிட்டால் கையெழுத்துப் போட்டது நீங்கள்தான்.

கொங்குக்காரி:

@வாசல் திண்ணை, அது குழந்தைக்குப் பாதுகாப்பு இல்லைங்க, நமக்குப் பாதுகாப்பு. ராத்திரியில ஜீப்பு ஏத்தி, தெரியாத முகங்களுக்கு நடுவுல படுக்க வச்சு, பள்ளிக்கூடத்தையும் மாத்தி விட்டா, "நான் வாயத் திறந்ததாலதான் என்னத் தூக்கிட்டுப் போனாங்க"ன்னு அந்தப் புள்ள நினைக்கும். மறுபடி யாருகிட்டயும் சொல்லாது. இல்லத்துல சேக்கறது கடைசி வழின்னு இளைஞர் நீதிச் சட்டத்தோட 3-வது பிரிவே சொல்லுது.

இத்தனை பேர் எழுதுனீங்க, ஒருத்தர்கூட அம்மாவப் பத்திக் கேக்கலையே? திருப்பூர்லதான இருக்காங்க. பிரிஞ்சு போனவங்கன்னா பெத்தவங்க இல்லாமப் போயிடுவாங்களா? முதல் நாளே நம்பர் வாங்கிப் பேசுங்க. அப்பா வீட்டுல "அவ ஓடிப்போனவ, நம்பர் இல்ல"ம்பாங்க. பள்ளிக்கூடச் சேர்க்கைப் படிவத்துல அம்மா நம்பர் இருக்கும், இல்லைன்னா ரேசன் கார்டுல. அவங்க தங்கியிருக்கறது கம்பெனி விடுதியா, லைன் வீடா? ஷிப்ட் எத்தனை மணிக்கு? ராத்திரி ஷிப்ட் இருந்தா புள்ளைய யார் பாப்பாங்க? திருப்பூர் மாவட்ட அலகுக்கு எழுதி அங்க இருந்து ஒரு வீட்டு விசாரணை வாங்குங்க, குழு மூலமாப் போனா வேகமா வரும். அம்மா வீடு சரியில்லைன்னா அம்மா வழி ஆத்தா, மாமா வீடு. இதெல்லாம் பாத்து ஒண்ணும் ஆகலைன்னாத்தான் இல்லம்.

ஆனா அம்மா அழுதுட்டே வந்து நிக்கறாங்கன்னு அன்னைக்கே கையில குடுத்துடாதீங்க. அவங்க கூட யார் இருக்காங்கன்னு பாக்கணும். புதுசா ஒரு ஆள் இருந்தா அவரையும் பாத்துப் பேசணும். உறுதிமொழி வாங்கிட்டு, குழு உத்தரவோட ஒப்படைக்கணும். ஒரு வாரத்துல ஒரு தடவ, மாசத்துல ஒரு தடவன்னு பின்தொடரணும். போன்ல "நல்லா இருக்காளா?"ன்னு கேட்டா "நல்லா இருக்கா"ன்னுதான் பதில் வரும். நேர்ல போங்க.

வறுமையையும் கவனிப்பின்மையையும் போட்டுக் குழப்பாதீங்க. கிழிஞ்ச சட்டையும் ஒரு வேளைக் கஞ்சியும் வறுமை. வீட்டுல அரிசி இருந்தும் அந்த ஒரு புள்ளைக்கு மட்டும் போடலைன்னா அது கவனிப்பின்மை. முதல்ல சொன்னதுக்கு மருந்து பணம். நிதி ஆதரவுத் திட்டத்துல மாசம் 4,000 ரூபாய் கிடைக்கும், வருச வருமானம் கிராமத்துல 72,000, மத்த இடத்துல 96,000 தாண்டக் கூடாது. அதுக்கு ஒப்புதல் குழு கூடணும், வங்கிக் கணக்கு வேணும், வருமானச் சான்று வேணும். தாசில்தார் ஆபீசுக்கு அலையறதுலயே ரெண்டு மாசம் போயிடும், அதனால விசாரணை நடக்கும்போதே அந்தக் காகிதத்தைத் தொடங்கிடுங்க. எஸ்.ஐ.ஆர். முடிச்சிட்டுப் பாக்கலாம்னு விட்டா, காசு வர்றதுக்குள்ள அம்மா புள்ளையத் திரும்ப அப்பாயிகிட்டயே விட்டுட்டு வேலைக்குப் போயிடுவாங்க.

அலகுப் பழசு:

கொங்குக்காரி சொன்னதில் ஒரு திருத்தமும் இல்லை. அம்மாவை நான் விட்டது தப்புதான்.

வீட்டிலேயே விட்டு வருவது என்று முடிவானால் ஒன்று சேர்த்துக்கொள்கிறேன். "இனிமே அடிக்கக் கூடாது" என்று அப்பாவிடம் எழுதி வாங்கிக் கோப்பில் வைத்தால் அது காகிதம்தான். அடித்தவர் எந்த நேரத்தில் வீட்டில் இருக்க மாட்டார், அப்போது குழந்தையோடு யார் இருப்பார், குழந்தை பயந்தால் எந்த வீட்டுக்கு ஓடும், அந்த வீட்டுக்காரர் ஒப்புக்கொண்டாரா, மறுநாள் காலை பள்ளியில் யார் குழந்தையைப் பார்த்து உங்களுக்குச் சொல்வார். இந்த ஐந்துக்கும் ஆள் பெயரும் நேரமும் எழுத முடிந்தால் விட்டு வரலாம். ஒன்றில் பெயர் எழுத முடியவில்லை என்றாலும் அன்று இரவு வேறு ஏற்பாடு.

நிர்வாகி:

நினைவூட்டல். ஒரு பதிலில் ஊர், பள்ளியின் பெயர் வந்திருந்தது, நீக்கிவிட்டோம். குழந்தையை அடையாளம் காட்டும் எதையும் வெளியிடுவது இளைஞர் நீதிச் சட்டம் 74-வது பிரிவில் குற்றம், 6 மாதம் வரை சிறை அல்லது 2 லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். இது அலுவலக வாட்ஸ்அப் குழுவுக்கும் பொருந்தும். "மீட்கப்பட்ட குழந்தையுடன் நம் அணி" என்று படம் போடும் வழக்கத்தையும் சேர்த்தே சொல்கிறோம்.

புதுச்செருப்பு:

எல்லாவற்றையும் அச்செடுத்துவிட்டேன். இப்படி ஒரு புகார் வந்தால், காலையில் பள்ளிக்குப் போன் போட்டு, குழந்தை வந்திருக்கிறதா என்று எச்.எம்.-இடம் கேட்டுக்கொண்டு கிளம்பலாம் என்றிருக்கிறேன்.

மெதுவாக் கேள்:

போனில் குழந்தையின் பெயரைச் சொல்லாதீர்கள். எச்.எம். அறையில் ஸ்பீக்கரில் போட்டுப் பேசுவார், பக்கத்தில் சத்துணவு அமைப்பாளர் நிற்பார். "2-ம் வகுப்பு வருகைப் பதிவேடு பார்க்க வருகிறோம்" என்று மட்டும் சொல்லுங்கள். பெயர் நேரில், ஆசிரியரிடம்.